வரிசையை எழுப்புதல்

விளையாட்டுப் பெட்டியின் மூடி உடனே வரவில்லை. திலகவதி அக்கா இரண்டு கைகளாலும் பிடித்துத் தூக்க, உள்ளேயிருந்த காற்று விடமாட்டேன் என்று இழுத்துப் பிடித்து, பிறகு ஒரு பெருமூச்சோடு விட்டது. அந்தப் பெருமூச்சு தன்னுடையதோ என்று உமையாள் ஒரு கணம் பயந்துபோனாள். இந்த வீட்டுக்குள் நுழைந்து ஒன்றரை மணி நேரமாக அவள் மூச்சைக்கூடச் சத்தம் வராமல்தான் விட்டுக்கொண்டிருந்தாள். சாப்பிடும்போது தயிர் வேண்டுமா என்று ஃபௌசியா அக்கா கேட்டதற்குப் போதும் என்று சொல்லிவிட்டு, இன்னும் தயிரே போடாதபோது போதும் என்றால் என்ன அர்த்தம், வேண்டாம் என்றல்லவா சொல்லியிருக்க வேண்டும் என்று கை கழுவும்வரை யோசித்தாள். மேடவாக்கத்தில் மூன்றாவது மாடி வீடு. இரண்டு பெண்கள், மூன்று கட்டில்கள். மூன்றாவது கட்டிலில் இருந்தவள் கல்யாணமாகிப் போய்விட்டாள். அந்தக் கட்டில்தான் உமையாளுக்கு வேண்டும். அவள் இருக்கும் விடுதியை வியாழக்கிழமையோடு மூடுகிறார்கள், கட்டடத்தில் உடற்பயிற்சிக் கூடம் வரப்போகிறதாம். நான்கு இடம் பார்த்து நான்கும் கை நழுவிவிட்டது. இதுவும் இல்லையென்றால் வேலையை விட்டுவிட்டுத் தேவகோட்டைக்குப் பஸ் ஏற வேண்டியதுதான். "சிரமமா இருந்தா வந்துரு ஆத்தா" என்று அப்பா போன வாரம் போனில் சொன்னார். கோபமாகச் சொல்லியிருந்தால் எதிர்த்து நிற்கலாம். அவ்வளவு பிரியமாகச் சொன்னதுதான் பயமாக இருந்தது, அந்தப் பிரியத்துக்குள் போய் விழுந்தால் மறுபடி எழுந்திருக்கவே முடியாது. ஆனால் இந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. கட்டில் கேட்டு வருகிற யாராக இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்து சாப்பிட வேண்டும், பிறகு இவர்களோடு உட்கார்ந்து ஓர் ஆட்டம் ஆட வேண்டும், அதன் பிறகுதான் பதில். "போன தடவ வந்த பொண்ணு தோக்கப் போறோம்னு தெரிஞ்சதும் தலவலின்னு படுத்துக்கிச்சு," என்று ஃபௌசியா அக்கா அப்பளத்தை உடைத்தபடி சொல்லியிருந்தாள். "அதுக்கு முந்தி வந்தது முட்டையைத் திருடிச்சு." என்ன முட்டை என்று உமையாள் கேட்கவில்லை. ஃப்ரிட்ஜில் இருக்கிற முட்டை என்று நினைத்துக்கொண்டு, பாவம், பசியாக இருந்திருக்கும் என்று அந்த முகம் தெரியாத பெண்ணுக்காக வருத்தப்பட்டாள்.

முட்டை பெட்டிக்குள் இருந்தது. மரத்தில் கடைந்த குட்டிக் குட்டி முட்டைகள், சுண்டைக்காய் அளவு, வெளிர் நீலத்திலும் மண் நிறத்திலும் புள்ளி வைத்தவை. திலகவதி அக்கா அவற்றைக் கிண்ணத்தில் கொட்டியபோது மழையின் முதல் பத்துத் துளி தகரத்தில் விழுகிற சத்தம் கேட்டது. இவ்வளவு அழகான ஒரு பொருளைப் பெரியவர்களுக்கென்று யார் உட்கார்ந்து செய்திருப்பார்கள் என்று உமையாள் கிண்ணத்தின் மேல் குனிந்து பார்த்தாள். தொடலாமா என்று தெரியாமல் கைகளைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டாள். பெட்டியின் மேல் சதுப்பு நிலம் என்று எழுதியிருந்தது. ஆளுக்கொரு பலகை, பலகையில் மரம், கரை, நீர் என்று மூன்று வரிசை. "சிம்பிள்தான்," என்றாள் திலகவதி அக்கா. அவள் கட்டட வரைபடம் போடுகிற அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள், விரலாலேயே மேசைமேல் கோடு இழுத்து இழுத்துப் பேசினாள். "ஆளுக்கு இருவது சிப்பி. ஒரு தடவைக்கு ஒரு சிப்பியைப் பெட்டியில போட்டுட்டு ஒரு வேலைதான் செய்யலாம். ஒரு பறவைக் கார்டு எடுக்கலாம். இல்ல, இந்த மணிகள்ல மூணு எடுக்கலாம், அதுதான் இரை, மீனோ புழுவோ விதையோ. இல்ல, இரையைக் குடுத்துப் பறவையைப் பலகையில இறக்கலாம். இல்லேன்னா வரிசையை எழுப்பலாம்." கடைசிச் சொல்லை அவள் கொஞ்சம் மெதுவாகச் சொன்னாள். எழுப்புவது என்றால் என்ன என்று விளக்கியபோது உமையாள் தலையை ஆட்டினாளே தவிர ஒன்றும் காதில் ஏறவில்லை. அவள் அந்த நேரம் ஃபௌசியா அக்கா தன்னைப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபௌசியா அக்கா ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கிறவள், உட்கார்ந்திருப்பதை வைத்தே யாருக்கு எங்கே வலி என்று சொல்லிவிடுவாளாம். உமையாள் முதுகை நிமிர்த்தினாள். நிமிர்த்தியது தெரிந்துவிட்டதோ என்று லேசாகத் தளர்த்தினாள். பார்ப்பது அவளுடைய வேலை, சின்ன வயதிலிருந்தே. பெரியப்பா வீட்டில் பிள்ளைகள் கேரம் ஆடும்போது, "நீ எழுதிக்க, உனக்குத்தான் கையெழுத்து நல்லாருக்கு" என்று நோட்டைத் தந்துவிடுவார்கள். அவளும் யார் எத்தனை காய், யார் முகம் எப்போது சுருங்குகிறது, யார் பவுடரை ஊதுகிற சாக்கில் காயை நகர்த்துகிறார்கள் என்று எல்லாம் பார்த்துக்கொண்டு, எண்ணிக்கையை மட்டும் எழுதுவாள். ஒருவரும் அவளைப் பார்த்ததில்லை. பார்க்கப்படுவது இப்படித்தான் இருக்குமா, தோலுக்கு மேலே இன்னொரு தோல் போட்டதுபோல.

நடுவில் மூன்று சீட்டுகளை முகம் மேலாக வைத்திருந்தார்கள், பக்கத்தில் கவிழ்த்து வைத்த பெரிய கட்டு. எது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்றார்கள். உமையாள் கவிழ்த்த கட்டிலிருந்தே எடுத்தாள். மேலாக இருப்பவற்றை எல்லாரும் பார்த்துவிட்டார்கள், பார்த்தவர்கள் ஆசைப்பட்டிருப்பார்கள், ஒருவர் ஆசைப்பட்டதை எடுப்பது எப்படி? கவிழ்ந்திருப்பதில் யாருக்கும் ஆசை இருக்க வழியில்லை. பந்தியில் கடைசியாக உட்காருவதுபோல் அவளுக்கு அது இயல்பாக வந்தது. முதல் சீட்டில் ஒரு முக்குளிப்பான், வாத்துக்குஞ்சு என்று இத்தனை நாள் அவள் நினைத்திருந்தது; குஞ்சு இல்லையாம், அதுவே முழு வளர்ந்த பறவையாம், அவ்வளவுதான் அதன் உருவமாம். சின்னதாகவே வளர்ந்து முடிந்த ஒன்று. அடுத்தது பாம்புத்தாரா, உடம்பு முழுக்க நீருக்குள், கழுத்து மட்டும் வெளியே பாம்பு மாதிரி. அடுத்து கூழைக்கடா. விடுதி மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது தலைக்கு மேலே விமானம்போல் சத்தமில்லாமல் போகுமே, அதற்கு ஒரு பெயர் இருந்திருக்கிறது. பெயர், எடை, கூட்டில் எத்தனை முட்டை, எங்கிருந்து வருகிறது, எல்லாம். பதினோரு மாதமாக அவள் தலைக்கு மேலேயும் பஸ் ஜன்னலுக்கு வெளியேயும் இவ்வளவு பெயர்கள் பறந்துகொண்டிருந்தன, அவள் அண்ணாந்து பார்த்துவிட்டு ஈரத் துணியை உதறிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு சீட்டையும் திருப்பியதும் பெயரை உதட்டுக்குள் இரண்டு முறை சொல்லிக்கொண்டாள். சிப்பிகள் போய்க்கொண்டிருந்தன. கையில் எட்டுச் சீட்டு சேர்ந்துவிட்டது, விசிறிபோல் பிடித்தால் விரல் எட்டவில்லை. பலகை மூன்று வரிசையும் காலியாகக் கிடந்தது. "பாத்தியா திலகா, அமைதியா எட்டுக் கார்டை அமுக்கி வச்சிருக்கா," என்றாள் ஃபௌசியா அக்கா. "ஊமைக் குசும்பு. ஏதோ பெருசா பிளான் போடுறா." "அப்படியெல்லாம் இல்லக்கா." "இல்லேன்னு சொல்றதும் பிளான்லதான் இருக்கும்." திலகவதி அக்கா சிரித்துக்கொண்டே, "ஏம்மா, கையில இருக்கறதுக்கு மதிப்பே கிடையாது, தெரியுமில்ல? இறக்கினாத்தான்," என்றாள். தெரியும் என்று உமையாள் தலையாட்டினாள். தெரியாது. இறக்கிவிட்டால் கையிலிருந்து போய்விடுமே, இவ்வளவு பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியாதே என்றுதான் அவள் பிடித்துக்கொண்டிருந்தாள். அதைச் சொன்னால் பைத்தியம் என்று நினைப்பார்கள். பைத்தியத்தோடு யார் அறையைப் பகிர்ந்துகொள்வார்கள்?

அப்போதுதான் நடுவில் ஓர் இடம் காலியாகி, திலகவதி அக்கா புதுச் சீட்டு ஒன்றைத் திருப்பி வைத்தாள், உமையாளின் கை மடியிலேயே நின்றுவிட்டது. நீள வால், வெள்ளை முகம், பின்கழுத்தில் வெயில் பட்ட பொன். கால் விரல்கள் மட்டும் நம்ப முடியாத நீளம், சிலந்திக் கால்போல் விரிந்து தாமரை இலைமேல். காலையில் அலுவலகம் போகும் பஸ்ஸில் அவள் இடது பக்கமாகவே நிற்பாள். உட்கார இடம் கிடைத்தாலும் நிற்பாள், அந்தப் பக்கம்தான் சதுப்பு வரும். பாலத்துக்கு முன்னால் நீரில் இலைகள் மிதக்கிற ஒரு திட்டு உண்டு. அங்கே ஒன்று நடக்கும். நீந்தாது, பறக்காது, நீர்மேல் நடக்கும். முதல் நாள் பார்த்தபோது கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தாள். பஸ் அந்த இடத்தைக் கடக்க நான்கு நொடி ஆகும், நெரிசல் என்றால் பத்து. நெரிசலுக்காக அவள் வேண்டிக்கொண்ட நாட்கள் உண்டு. யாரிடமும் கேட்டதில்லை. அது என்ன பறவை என்று கேட்டால், எது, எங்கே என்பார்கள், அதற்குள் பஸ் தாண்டியிருக்கும், இல்லாத ஒன்றைச் சொன்னவளாக நிற்க வேண்டும். கல்லூரியில் வாய்மொழித் தேர்வில் ஜாடிக்குள் இருந்ததைக் காட்டி இது என்ன என்று வெளியூர்ப் பேராசிரியர் கேட்டபோது அவளுக்குப் பெயர் தெரியும், பெயர் நாக்கின் மேலேயே உட்கார்ந்திருந்தது, வாயைத் திறந்தால் அது தப்பாகிவிடுமோ என்று நான்கு நிமிடம் ஜாடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். இங்கே சீட்டின் மேல் கறுப்பு எழுத்தில் இருந்தது: நீளவால் இலைக்கோழி. ஆக, அது இருந்தது. அவள் கண்ணில் கோளாறு இல்லை. இன்னொருவரும் அதைப் பார்த்திருக்கிறார், உட்கார்ந்து வரைகிற அளவுக்குப் பார்த்திருக்கிறார். கீழே சின்ன எழுத்தில், பெண் பறவை முட்டையிட்டுவிட்டுப் போய்விடும், ஆண்தான் அடைகாத்துக் குஞ்சுகளை வளர்க்கும் என்று இருந்தது. பஸ்ஸிலிருந்து பார்த்தது தந்தையாக இருக்குமோ? அவ்வளவு மெல்லிய காலோடு, மிதக்கிற ஓர் இலையில் குடும்பம் வைத்திருக்கிற ஒரு தந்தை. உமையாளுக்குக் கண் கரித்தது. சே, ஒரு சீட்டைப் பார்த்து அழுதால் தலைவலி என்று படுத்தவளைவிட மோசமாகிவிடும்.

"அந்த இலைக்கோழி எனக்கு," என்றாள் ஃபௌசியா அக்கா. "சொல்லிட்டேன். எவளாவது தொட்டீங்க, ராத்திரி தலைகாணியை வச்சு அமுக்கிருவேன்." "எடுத்துக்கவேண்டியதுதானே, ஏன் பேசிட்டே இருக்க," என்றாள் திலகவதி அக்கா. "மொதல்ல மீன் சேக்கணும் தாயே. அது எங்கயும் ஓடாது." ஓடாது. ஒரு சுற்று போனது, உமையாள் கவிழ்ந்த கட்டைக்கூடத் தொடாமல் மூன்று மீன் மணி எடுத்துக்கொண்டாள். இலைக்கோழி அங்கேயே இருந்தது. அவள் அதைப் பார்க்காமல் கிண்ணத்தைப் பார்த்தாள், கிண்ணத்தைப் பார்க்காமல் ஃபௌசியா அக்காவின் கையைப் பார்த்தாள். தலையணை என்று சொன்னது விளையாட்டுத்தானே, விளையாட்டுக்குத்தான் சொல்வார்கள், ஆனால் விளையாட்டாகச் சொல்வதில்தான் மனிதர்கள் நிஜத்தைக் கொஞ்சம் கலந்து வைப்பார்கள். எழுதி எழுதிப் பார்த்தவளுக்குத் தெரியாதா? எடுத்தால் கட்டில் போகும். ஒரு காகிதச் சீட்டுக்காகக் கட்டிலை விடுவாயா, வியாழக்கிழமை பெட்டியோடு நடுத்தெருவில் நிற்கும்போது கையில் இலைக்கோழியா இருக்கும்? அதுவும் இருக்காது, ஆட்டம் முடிந்ததும் பெட்டிக்குள் போய்விடும். எடுக்காவிட்டால்? எடுக்காவிட்டால் ஃபௌசியா அக்கா எடுப்பாள், நல்ல மனுஷி, எடுத்து இறக்குவாள், அது அவள் பலகையில் நடக்கும். உமையாள் எழுதிக்கொள்வாள். வியாழக்கிழமைக்குப் பிறகு பஸ்ஸும் இல்லை, இடது பக்கமும் இல்லை. அவள் முறை வந்தது. சிப்பியைப் பெட்டியில் போட்டாள், அந்தச் சிப்பி விழுந்த சத்தம்கூட அவளுக்கு நினைவிருக்கிறது, அதற்குப் பிறகு கை செய்ததை அவள் தள்ளி நின்றுதான் பார்த்தாள். வளையல் மேசை விளிம்பில் இடித்தது. விரல்கள் சீட்டின் ஓரத்தைப் பற்றின. "அடிப்பாவி!" என்று ஃபௌசியா அக்கா கத்தினாள். மேசையே அதிர்ந்தது. "மூணு மணி நேரமா வாயத் தொறக்காம இருந்துட்டு நேரா அடிமடியில கைவைக்கிறா பாரு!" உமையாள் நிமிரவில்லை. முகத்தைப் பார்த்தால் பதில் தெரிந்துவிடும். மன்னிச்சிருங்கக்கா, வச்சிடறேன் என்ற வாக்கியம் முழுசாக வாயில் தயாராக இருந்தது, திருப்பிவைக்கச் சொல்லிக் கைக்குக் கட்டளையும் போய்விட்டது, கை கேட்கவில்லை. சீட்டை மடிக்கு அருகில், வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தது. "ரெண்டு மணி நேரம்தான் ஆகுது ஃபௌசி," என்றாள் திலகவதி அக்கா, எங்கோ தூரத்திலிருந்து.

போனது போய்விட்டது என்று ஆன பிறகு ஒரு விதமான லேசு வந்தது. அடுத்தடுத்த முறைகளில் அவள் முக்குளிப்பானை நீர் வரிசையில் இறக்கினாள், பிறகு பாம்புத்தாராவை, பிறகு இலைக்கோழியை. காரணம் எதுவும் இல்லை, அவை மூன்றும் ஒன்றையொன்று பார்த்தபடி இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. "இப்ப எழுப்பு," என்றாள் திலகவதி அக்கா. உமையாள் விழித்தாள். "புரியலேன்னா கேக்கறதுக்கென்ன? வலது கோடியிலேருந்து ஆரம்பி. அதுல என்ன எழுதியிருக்கோ அதைச் செய். அப்புறம் அதுக்கு இடது பக்கம். அப்படியே இடது கோடி வரைக்கும்." இலைக்கோழியில், பக்கத்துக் கூட்டில் ஒரு முட்டை வை என்றிருந்தது. நீல முட்டை ஒன்றை எடுத்தாள், முதன்முறையாகத் தொட்டாள், உள்ளங்கைச் சூட்டில் அது உடனே சூடானது. பாம்புத்தாராவின் கூட்டில் வைத்தாள். பாம்புத்தாராவில், கூட்டில் முட்டை இருந்தால் ஒரு மீன் பிடி என்றிருந்தது. முட்டை இருந்தது, இப்போதுதான் வந்தது. மீனை எடுத்தாள். முக்குளிப்பானில், ஒரு மீன் கொடுத்தால் நீருக்குள் மூழ்கு, கட்டின் அடியிலிருந்து ஒரு பறவையைக் கொண்டு வா என்றிருந்தது. மீன் இருந்தது. கொடுத்தாள். இதை அவள் ஏற்பாடு செய்யவில்லை. யாரும் ஏற்பாடு செய்யவில்லை. மூன்று பறவைகள் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தன, ஒன்றின் முட்டை இன்னொன்றின் மீனாகி, அந்த மீன் இன்னொன்றை மூழ்க வைத்து, அது அடியிலிருந்து, அவள் திருப்பிப் பார்த்தாள், நெற்றியில் வெள்ளை நாமம் வைத்த ஒரு நாமக்கோழியைக் கொண்டு வந்துவிட்டது. கவிழ்ந்த கட்டிலிருந்து அவள் எடுத்த எட்டும் அவள் எடுத்தவை. இது அவளிடம் கொண்டுவரப்பட்டது. அந்தப் பஸ் பாதையில், நெரிசலில், பத்து நொடிகளுக்கு வெளியே, எல்லாரும் மணி பார்த்துக்கொண்டிருக்கும்போது அங்கே நீருக்குள்ளும் இலைக்கு மேலும் இப்படித்தான் ஓயாமல் ஒன்று இன்னொன்றின் கையில் கொடுத்துக்கொண்டிருக்கிறதா? காலையில் அவள் பார்க்காத நேரத்திலும், ஞாயிற்றுக்கிழமையிலும், இந்த நிமிடத்திலும். உடம்பு முழுக்க மயிர்க்கால் எழுந்து நின்றது. ஃபௌசியா அக்கா தன் முறைக்குக் காத்திருந்து, "தூங்கிட்டியா?" என்று தோளைத் தட்டியபோதுதான், கட்டில் என்ற ஒன்றை நெடுநேரமாக மறந்தே போயிருந்தது உமையாளுக்குத் தெரிந்தது.

பிறகு அவள் வேகமாக ஆடினாள், ஆனால் நேரம் இல்லை. கூழைக்கடாவை இறக்கினாள். கடைசிச் சிப்பியைப் போட்டு நாமக்கோழியை இறக்கினாள், அத்தோடு அவளுக்கு முறை முடிந்தது. ஐந்து பறவைகள் நீரில் வரிசையாக நின்றன, எழுப்புவதற்குச் சிப்பி இல்லை. எண்ணிப் பார்த்ததில் திலகவதி அக்கா ஜெயித்தாள், ஃபௌசியா அக்காவுக்கு நான்கு குறைவு, உமையாள் வெகு தூரத்தில். கையில் மிச்சமிருந்த சீட்டுகளுக்கு ஒன்றுமே இல்லை. "டீ போடறோம், இரு," என்று இருவரும் எழுந்தார்கள். டீ போட இரண்டு பேர் எதற்கு? அடுக்களைக் கதவு முழுக்கச் சாத்தவில்லை, சாத்தாமலும் இல்லை. உள்ளே குரல்கள் தாழ்ந்தன. மறந்திருந்த பயம் மொத்தமும் திரும்பி வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தது. இவ்வளவு ஆசை பிடிச்சவளோட எப்படி இருக்கறது, என்கிறார்களா? கேட்டால் கேட்கலாம், காது கூர்மைதான் அவளுக்கு, மூன்று வீடு தள்ளிப் பேசுவதைக் கேட்டே வளர்ந்தவள். விரல்களைக் கோத்துக்கொண்டாள். வெளியே பூனையோ எதுவோ குப்பைக்கூடையை உருட்டியது. ஃபௌசியா அக்கா ஏதோ சொல்ல, பாத்திரம் ஒன்று தட்டில் பட்டது, வெகு நேரம் கழித்துக் காலடிச் சத்தம் அறைப்பக்கம் போனது. உமையாளின் கண் பலகையில் விழுந்தது. ஐந்தும் அப்படியே நின்றுகொண்டிருந்தன. எழுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? ஆட்டம் முடிந்துவிட்டது, இனி எதற்கும் கணக்கில்லை, யாரும் கேட்கப்போவதில்லை. வலது கோடியில், நாமக்கோழியின் மேல் விரலை வைத்தாள். கரையிலிருந்து இரையைக் கூப்பிடு என்றிருந்தது. புழு ஒன்றும் விதை ஒன்றும் வந்தன. கூழைக்கடா, வரிசையில் எத்தனை பேரோ அத்தனை மீன். கூட்டமாகச் சேர்ந்து வளைத்துப் பிடிக்கும் என்று கீழே எழுதியிருந்தது. ஐந்து மீன்களை எண்ணி எண்ணி வைத்தாள். இப்போது இலைக்கோழி. ஒரு முட்டை, இரண்டு மீன் கொடுத்தால் இன்னும் ஒன்று. போன தடவை மீன் இல்லாததால் அந்த இரண்டாவது வரியை அவள் படிக்கவே இல்லை. இரண்டு மீன் கொடுத்தாள். "உமையாள்," என்று அடுக்களை வாசலில் திலகவதி அக்கா நின்றாள். கையில் டீ இல்லை. "நாங்க பேசிட்டோம்." உமையாள் தலையைத் தூக்காமல், முட்டை இல்லாத கையை மட்டும் உயர்த்தினாள். "ஒரு நிமிஷம்க்கா." தன் ஆயுளில் யாரையும் காத்திருக்கச் சொன்னதில்லை என்பது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை. திலகவதி அக்கா பக்கத்தில் வந்து குனிந்து பலகையைப் பார்த்தாள். அறைக்குள்ளிருந்து தரையில் இரும்பு இழுபடுகிற சத்தமும் ஃபௌசியா அக்காவின் குரலும் வந்தன. "சொல்லிட்டியா? ஒரு ஆள் வந்து பிடிங்க, இந்தக் கட்டிலை ஒத்தையா நகத்த முடியல!"

"இரு ஃபௌசி," என்றாள் திலகவதி அக்கா, குரலை அடக்கி. "இங்க ஒண்ணு முட்டை போட்டுக்கிட்டிருக்கு."